மேலாளருக்கு வராத கூலா மலாக்கா

போன மாதம் எங்கள் தேவாலயப் பெண்களின் கைப்பேசிக் குழுவில் ஒரு செய்தி வந்தது. ஞாயிறு பூசை முடிந்து சுற்றுலா கிளம்பும் பேருந்து முன்வாசலில் நிற்காது, பின்வாசலில் நிற்கும். அவ்வளவுதான். அதோடு விட்டிருக்கலாம். "பார்த்தவர்கள் ஓகே என்று பதில் போடவும்" என்று கீழே ஒரு வரி சேர்த்துவிட்டார் செயலாளர். மாலைக்குள் ஓகே, நோட்டட், கட்டைவிரல், கூப்பிய கை, நடுவில் யாரோ போட்ட ரோஜாப்பூ என்று குழு நிரம்பி வழிந்தது. பேருந்து எங்கே நிற்கும் என்ற செய்தி அந்தக் குவியலுக்கு அடியில் புதைந்தது. ஞாயிற்றுக்கிழமை பாதிப் பேர் முன்வாசலில் காத்து நின்றார்கள். ஓகே போட்டவர்களும் அதில் இருந்தார்கள்.

நான் பேருந்தில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த ரெஜினா கணினி நிறுவனம் ஒன்றில் வேலை செய்பவள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஆண்ட்டி, இதெல்லாம் எழுதி வைங்க லா. எங்க டீம்ல இப்பவும் இதே பிராப்ளம்தான்" என்றாள். ஒருவர் சொல்வது பலருக்கும் போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்வதுதான் நான் சம்பளம் வாங்கிய காலம் முழுவதும் என் தலைவலி. அந்தத் தலைவலி வேறு யாருக்காவது உதவும் என்றால் தாராளமாகக் கொடுத்துவிடுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எழுபதுகளில், கணினிக்குள் செலுத்தும் துளை போட்ட அட்டைகளோடு மல்லுக்கட்டினேன். ஓர் அட்டைக் கட்டைக் கீழே போட்டு வரிசையைக் குலைத்துவிட்டு அழுதேன். பிறகு தேறினேன். சிராங்கூன் ரோட்டில் தமிழர் ஒருவர் நடத்திய சரக்கு அனுப்பும் கம்பெனியில் சேர்ந்தேன். கீழே மசாலா அரைக்கும் கடை, மாடியில் எங்கள் அலுவலகம். மிளகாய் வறுக்கிற நாளில் கணக்குப் பிரிவு, டைப்பிங் பிரிவு எல்லாம் சேர்ந்து தும்மும். பின்னால் கணினி வந்தபோது அது இருந்த கண்ணாடி அறைக்கு மட்டும் கதவும் குளிர்சாதனமும் உண்டு. ஸ்டெல்லா, அதாவது நான், கணினி வேலையைப் பிடித்துக்கொண்டதே அதற்காகத்தான் என்று மற்றவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை.

தீவு முழுக்க எங்களுக்குக் கிளைகள் இருந்தன. சாங்கியில் புது விமான நிலையம் வந்த புதிது. அங்கே ஒன்று, ஜூரோங்கில் ஒன்று, துறைமுகத்தில் ஒன்று, வண்ண மீன் பண்ணைகள் இருந்த ஜாலான் காயுவில் ஒன்று என்று பத்துப் பன்னிரண்டு இடங்கள். எந்த விமானம் தாமதம், எதில் இடமில்லை, எந்தச் சரக்கு எத்தனை மணிக்குள் வரவேண்டும் என்பதைத் தலைமை அலுவலகம் எல்லாக் கிளைக்கும் சொல்ல வேண்டும். ஒருவருக்குச் சொல்வது சுலபம். எல்லோருக்கும் ஒரே விஷயத்தை ஒரே நேரத்தில், ஒருவர்கூட விட்டுப்போகாமல் சொல்வது இருக்கிறதே, அதைத்தான் நான் பல வருடம் பார்த்தேன்.

இந்த இடத்தில் என் மேலாளர் ஞானமுத்து சாரை அறிமுகப்படுத்த வேண்டும். மெத்தடிஸ்ட். தேவாலயப் பாடல் குழுவில் கட்டைக் குரல் பாடுபவர். எந்த வெயிலிலும் டை கட்டியிருப்பார். யாரிடம் எதைச் சொன்னாலும் அவர்கள் அதைத் திருப்பிச் சொன்னால்தான் அவருக்கு மனது ஆறும். கீழே காசிம் பாய் டீக்கடைக்குப் போய், "ஒரு தே ஓ கொசோங்" என்பார். பாலும் சர்க்கரையும் இல்லாத டீ. காசிம் பாய் தலையாட்டுவார். சார் நகரமாட்டார்.

"என்ன சொன்னேன்?"

"தே ஓ கொசோங் சார்."

"எத்தனை?"

"ஒண்ணு சார்."

"ஆங். ஒண்ணு."

இருபது வருடமாக அவர் வேறு எதுவும் குடித்ததில்லை. ஆனாலும் தினமும் இந்தச் சடங்கு நடக்கும். டீயில் மிச்சம் பிடித்த சர்க்கரையை எல்லாம் அவர் இனிப்புப் பலகாரங்களில் செலவழிப்பார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதிலும் கூலா மலாக்கா என்றால் உயிர். சவ்வரிசியில் தேங்காய்ப்பாலும் பனைவெல்லப் பாகும் ஊற்றிக் குளிர வைத்தது. அதைக் கண்டால் பாட்டைக்கூடப் பாதியில் நிறுத்திவிடுவார் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறார்.

கணினி வருவதற்கு முன்பு செய்தி தொலைபேசியில் போகும். ஆபரேட்டர் ஒவ்வொரு கிளையாக அழைத்துப் படிப்பார். ஒவ்வொரு கிளையும் முழுதாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். அது சாரின் சட்டம். கடைசிக் கிளைக்கு வரும்போது விமானம் கிளம்பியே போயிருக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் முதலாளி கணினி வாங்கினார். விற்ற கம்பெனியிலிருந்து அதை நிறுவ வந்த செல்வின் டான் என்ற பையனுக்கு எங்கள் தெருச் சாப்பாடு பிடித்துப்போய், கடைசியில் எங்களிடமே வேலைக்குச் சேர்ந்துவிட்டான். நானும் அவனும் சேர்ந்து கிளைகளை இணைத்தோம். கொடியில் துணி காயப் போட்டதுபோல ஒரே லைனில் எல்லாக் கிளைகளும் தொங்கும். இங்கிருந்து ஒரு தடவை அனுப்பினால் எல்லோருக்கும் போகும். பத்துப் பேரை அழைக்கத் தேவையில்லை.

"போனது சரி. வந்துச்சுன்னு யார் சொல்றது?" என்றார் ஞானமுத்து சார்.

அவர் ஆணைப்படி, ஒவ்வொரு செய்திக்கும் ஒவ்வொரு கிளையும் "கிடைத்தது" என்று பதில் அனுப்பும்படி எழுதினோம். முதல் நாள் காலை அவர் பிரிண்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதல் செய்தி போனது. கிடைத்தது, கிடைத்தது, கிடைத்தது என்று தாள் ஓட ஆரம்பித்தது. சார் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு சாந்தி.

அது நீடிக்கவில்லை. எல்லாக் கிளையும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்ததால் பதில்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. பதில் போய்ச் சேரவில்லை என்று நினைத்த கிளைகள் மறுபடி அனுப்பின. அவையும் மோதின. "கிடைத்தது" என்பதை வாங்கிக்கொள்வதிலேயே இயந்திரம் மூச்சுத் திணறியதால் அடுத்த செய்தி வெளியே போக வழியில்லை. மதியம் சாங்கியிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, "காலைல வந்த ஒண்ணுக்கப்புறம் ஒரு மெசேஜ்கூட வரலியே, இன்னைக்கு லீவா?" என்று கேட்டார்கள். சார் பிரிண்டரையே பார்த்துக்கொண்டு, "எல்லாரும் வாங்கிட்டதா சொல்றாங்களே" என்றார். செல்வின் கண்ணாடி அறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தான்.

முறையை மாற்றினோம். ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் கொடுத்தோம். கிடைத்தவர்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். ஐந்துக்குப் பிறகு ஏழு வந்தால் ஆறு விட்டுப்போனது என்று கிளை இயந்திரத்துக்குத் தெரியும். அப்போது மட்டும் அது "ஆறு வேண்டும்" என்று கேட்கட்டும். மற்றபடி அமைதி.

சாருக்கு இந்த அமைதியை நினைத்தாலே வியர்த்தது. "யாரும் ஒண்ணும் சொல்லலைன்னா எல்லாருக்கும் கிடைச்சுதுன்னு அர்த்தமா? என்னம்மா இது, அநியாயமா இருக்கு."

செல்வின் பலகையில் படம் போட்டு விளக்கினான். சார் அசையவில்லை. நான் வேறு வழியில் போனேன்.

"சார், கல்யாணப் பந்தியில பரிமாறுறவர் ஒவ்வொரு இலையா நின்னு, சாம்பார் கிடைச்சுதா, சொல்லுங்க, கிடைச்சுதான்னு கேட்பாரா?"

"கேட்டா பந்தி முடியாது."

"அப்போ ஒருத்தருக்கு விட்டுப்போச்சுன்னா?"

"கூப்பிடுவாங்க. சாம்பார் இங்கன்னு."

"அவ்வளவுதான் சார்."

சார் வெகுநேரம் டையைத் தடவிக்கொண்டிருந்தார். பந்தியைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. "கிடைக்காதவன் கேட்பான்" என்றார் மெதுவாக. பிறகு அதை அவரே கண்டுபிடித்ததுபோல எல்லோரிடமும் சொல்ல ஆரம்பித்தார். புதிதாக மதம் மாறியவரின் வேகம் அவருக்கு வந்துவிட்டது. கிளைக்காரர்கள் கூடிய ஆண்டு விருந்தில் எழுந்து நின்று, "கிடைக்காதவன் கேட்பான். கேட்காதவனுக்குக் கிடைச்சாச்சு" என்று கட்டைக் குரலில் முழங்கினார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

நடுவில் ஒரு சிறு தொல்லை வந்தது. மழை பெய்தால் லைனில் இரைச்சல் ஏறி எல்லாக் கிளைக்கும் ஒரே எண் விட்டுப்போகும். எல்லோரும் ஒரே நேரத்தில் "அது வேண்டும்" என்று கத்துவார்கள். பழைய கூச்சல் வேறு உருவத்தில் திரும்பி வந்தது. அதற்கும் பந்தியில் வழி இருந்தது. ரசம் வேண்டும் என்று ஒருவர் கூப்பிட்டால் போதும், வாளி வரிசை முழுக்க வரும். எண் விட்டுப்போன கிளை கொஞ்சம் பொறுக்கட்டும், ஒவ்வொன்றும் வேறு வேறு நேரம் பொறுக்கட்டும், அதற்குள் யாராவது கேட்டுவிட்டதாகத் தலைமை அலுவலகம் சொன்னால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ளட்டும் என்று எழுதினோம். அதன் பிறகு வண்டி நன்றாக ஓடியது.

இனி மணியம் அண்ணன். ஜாலான் காயு கிளையைப் பார்த்துக்கொண்டவர். ஊரில் குறை சொல்வதற்கென்றே ஒருவரைப் பிறப்பித்திருந்தால் அது அவர்தான். லைன் சரியில்லை, கொசு சரியில்லை, லாரிக்காரன் சரியில்லை. வேலைக்குத் தாமதமாக வந்தாலும் லைன் சரியில்லை என்றுதான் சொல்வார். ஆனால் மீன் பெட்டிகளை அவரைப்போலப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. கப்பி, டெட்ரா, ஏஞ்சல் என்று குஞ்சு மீன்களைத் தண்ணீர்ப் பையில் விட்டு, ஆக்ஸிஜன் நிரப்பி, ரப்பர் போட்டு இறுக்கி, ஸ்டைரோஃபோம் பெட்டியில் அடுக்கி அனுப்ப வேண்டும். பையில் போட்ட நிமிடத்திலிருந்து அந்த மூச்சு குறைந்துகொண்டே வரும். விமானம் தாமதமானால் பையில் போடக் கூடாது. மீன் வியாபாரத்தின் மொத்த சூட்சுமமும் அதுதான்.

ஒரு திங்கட்கிழமை காலை பண்ணைக்காரர் ஒருவர் மாடிப்படி ஏறி வந்தார். வயதான சீனர். ஒரு வார்த்தை பேசாமல் ஒரு பெட்டியை ஞானமுத்து சாரின் மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தார். அந்த வாடையில் கீழே வறுத்த மிளகாய் தோற்றுப்போனது. சின்னச் சின்ன மீன்கள், நிறம் போய், பைக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தன. பெரியவர் திரும்பி நடந்து போய்விட்டார். அவர் திட்டியிருந்தால்கூட எங்களுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள். அன்றிரவு புறப்பட வேண்டிய விமானம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. மதியம் பூட்டும் முன் கடைசிச் செய்தியாக அதை நான்தான் அனுப்பினேன். பையில் போடாதே என்று தெளிவாகவே அனுப்பினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆகவே எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. நான் புக்கிட் மேராவில் என் வீட்டுக்குப் போய் மீன் குழம்பு வைத்தேன். மணியம் அண்ணன் வழக்கம்போல மீன்களைப் பையில் போட்டு, லாரியில் ஏற்றி, சாங்கி சரக்குக் கொட்டகையில் இறக்கிவிட்டு அவர் வீட்டுக்குப் போனார். சாங்கியில் எங்கள் ஆட்களும் அதற்குள் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். திங்கட்கிழமை வரை பெட்டிகள் அங்கேயே இருந்தன.

முதலாளி கொதித்தார். யாராவது ஒருவர் போக வேண்டும் என்றார். மணியம் அண்ணனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நானும் அந்த அறையில் இருந்தேன்.

"எனக்கு அந்த மெசேஜ் வரவே இல்லை சார்."

"வரலைன்னா ஏன் கேட்கலை?" என்றார் ஞானமுத்து சார்.

"வரலைன்னு எனக்கு எப்படி சார் தெரியும்?"

"உன் மிஷின் கேட்டிருக்குமே."

"திங்கக்கிழமை காலைல கேட்டுச்சு சார்."

அதுவே அவருக்கு எதிராகத் திரும்பியது. விட்டுப்போன எண்ணைக் கையாலும் தட்டிக் கேட்கலாம். மீன் செத்த பிறகு இவரே தட்டிவிட்டு லைன்மேல் பழி போடுகிறார் என்று முதலாளி முடிவு கட்டினார். எதற்கெடுத்தாலும் லைன் என்று சொன்ன மனிதர் ஒரு நாள் உண்மையாகவே லைன் என்றால் யார் நம்புவார்கள்? அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அந்த வயதில் வெளியே அனுப்பினால் வேறு எங்கே சேர்த்துக்கொள்வார்கள்? கணவனை இழந்த தங்கையின் குடும்பத்தையும் அவர்தான் தாங்கினார். அந்தத் தங்கை மகளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். தாய்மாமனாக முன்னால் நின்று நடத்துபவர் அவர். எங்கள் எல்லோருக்கும் பத்திரிகை வைத்திருந்தார்.

அன்று முழுவதும் நானும் செல்வினும் மண்டையை உடைத்துக்கொண்டோம். மாலையில் விளங்கியது. ஐந்துக்குப் பிறகு ஏழு வந்தால்தான் ஆறு விட்டுப்போனது தெரியும். ஏழு வரவே இல்லையென்றால்? சனிக்கிழமை கடைசிச் செய்தி இரைச்சலில் சிதைந்தது. கிளை இயந்திரத்துக்கு எது இரைச்சல், எது செய்தி என்று தெரியாது, குப்பை என்று தள்ளிவிட்டது. அதன் பிறகு திங்கட்கிழமை வரை வேறு செய்தி இல்லை. திங்கட்கிழமை அடுத்த எண்ணைப் பார்த்ததும்தான் அதற்கு இடைவெளியே தெரிந்திருக்கிறது. மணியம் அண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை.

ஓடிப்போய் சாரிடம் சொன்னேன். அவர் கேட்கும் நிலையில் இல்லை. "கிடைக்காதவன் கேட்பான். நீதானேம்மா சொன்னே?" என்றார். செல்வின் பலகையில் மறுபடி படம் போட்டான். "எனக்குப் படம் வேணாம் செல்வின். அவன் கேட்கலை" என்றார். கொடுமை என்னவென்றால் அவருக்கும் அதில் சந்தோஷம் இல்லை. "கல்யாணம் முடியட்டும். அந்தப் பொண்ணு நல்லபடியா போகட்டும். திங்கக்கிழமை கையெழுத்துப் போடுறேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதுவரை வேலைக்கு வரவேண்டாம் என்று மணியம் அண்ணனுக்குச் சொல்லிவிட்டார்கள்.

காத்தோங்கில் கல்யாணம். தாலி கட்டி முடிந்து சாப்பாட்டு நேரம். ஞானமுத்து சார் காலை ஆராதனையில் பாடிவிட்டு அதே டையோடு வந்திருந்தார். மறுநாள் வேலையை விட்டு அனுப்பப் போகிறவரின் வீட்டுக் கல்யாணம் என்றாலும், வருகிறேன் என்று சொன்னால் வருவார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

நானும் செல்வினும் சமையல் கட்டுக்குப் பின்னால் போனோம். அங்கே மணியம் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தட்டில் சின்னக் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றிலும் கூலா மலாக்கா. தமிழ்க் கல்யாணத்தில் யாரும் எதிர்பார்க்காதது.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஆசைப்பட்டாங்க தங்கச்சி. பாயசம் எல்லாம் முடிஞ்சப்புறம் கடைசியா குடுக்கப் போறேன். யாருக்கும் தெரியாது, சர்ப்ரைஸ்" என்றார். சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

எனக்குள் ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது. செல்வினைப் பார்த்தேன். அவனுக்கும் அதே நேரத்தில் அதே யோசனை.

"அண்ணே, ஞானமுத்து சாருக்கு மட்டும் இது வேணாம்."

அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "என்ன பேசுறே? தாய்மாமன் லா நான். என் வீட்டு விசேஷத்துல, இலைல உட்கார்ந்த விருந்தாளிக்கு இல்லைன்னு விடுறதா? அவர் என்னை வேலைய விட்டுத் தூக்கினாலும் சரி, அது முடியாது."

"அண்ணே, உங்க வேலைக்காகத்தான் கேக்குறேன்."

"வேலை போனா போகுது. என் அக்கா தங்கச்சி முகத்துல எப்படி முழிக்கிறது?"

விளக்கிச் சொன்னேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். செய்வாரா, மாட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

சார் கடைசி மேசையில், சுவர் ஓரம். பக்கத்தில் செல்வின். எதிரே யாரும் இல்லை. சோறு, சாம்பார், ரசம், சேமியாப் பாயசம், மோர் எல்லாம் ஒழுங்காக வந்தன. பாயசம் இரண்டு முறை கேட்டு வாங்கினார். அவருக்கா கேட்கத் தெரியாது? மோர் முடிந்த நேரம் பார்த்து செல்வின், பாடல் குழுவில் கட்டைக் குரலுக்கும் நடுக் குரலுக்கும் என்ன வித்தியாசம் என்று பயபக்தியோடு கேட்டான். சார் மலர்ந்துபோனார். கண்களை மூடிக்கொண்டு, தொண்டையைச் செருமி, இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே இரண்டு குரலிலும் பாடிக் காட்டினார். அந்தக் கீர்த்தனை நடந்துகொண்டிருந்தபோது மணியம் அண்ணன் தட்டோடு வந்தார். ஒவ்வொரு இலையிலும் கிண்ணம் வைத்தார். கடைசி மேசைக்கு முன்னால் நின்றார். சாரின் மூடிய கண்களைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியது. பிறகு திரும்பி விறுவிறு என்று நடந்து போய்விட்டார்.

சார் பாடி முடித்து, இலையை மடித்து, திருப்தியாக எழுந்தார். கை கழுவும் இடத்தில் நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"சாப்பாடு எப்படி சார்?"

"பிரமாதம். ஒரு குறை இல்லை."

"எல்லாம் கிடைச்சுதா?"

"எல்லாம் கிடைச்சுது."

"கூலா மலாக்காவும் நல்லா இருந்துச்சுல்ல?"

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. சார் அதை மூடவில்லை.

"கூலா மலாக்காவா? எங்கே?"

"கடைசில எல்லாருக்கும் குடுத்தாங்களே சார்."

"எனக்கு வரலையே."

"வரலைன்னா நீங்க கேட்டிருப்பீங்களே சார். நீங்க ஒண்ணும் சொல்லலை. அதனால உங்களுக்குக் கிடைச்சிருச்சுன்னு நெனச்சோம்."

"குடுக்குறாங்கன்னே தெரியாம நான் எப்படிம்மா கேட்பேன்?"

சொல்லிவிட்டு நிறுத்தினார். தான் சொன்னதைத் தானே கேட்டார் போலிருந்தது. குழாயை மூடினார். ஈரக் கையோடு டையைத் தடவினார். என்னையும் செல்வினையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு என் வேலையும் மறுநாள் இருக்குமா என்று சந்தேகம் வந்துவிட்டது.

"நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து என் வயித்துல விளையாடியிருக்கீங்க."

"ஆமா சார்."

"சனிக்கிழமை கடைசி மெசேஜுக்கு அப்புறம் ஒண்ணுமே போகலையா?"

"போகலை சார்."

"அப்போ அவனுக்குத் தெரிய வழியே இல்லை."

"இல்லை சார்."

அவர் முகத்தில் கோபம் இறங்கிப் போய் வேறு ஒன்று வந்தது. அவர் வெட்கப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அந்த நேரம் பின்னாலிருந்து மணியம் அண்ணன் வந்தார். கையில் ஒரு கிண்ணம், மேலே வாழை இலைத் துண்டு போட்டு மூடியிருந்தது.

"இவங்க சொன்னாங்கன்னு இலைல வைக்காம போயிட்டேன் சார். மனசு கேக்கலை. உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சிருக்கேன். மன்னிச்சுக்குங்க" என்றார்.

இது எங்கள் திட்டத்தில் இல்லை. சார் கிண்ணத்தை வாங்கி அங்கேயே நின்று சாப்பிட்டார். சுரண்டிச் சாப்பிட்டார். முடித்துவிட்டு, "நாளைக்கு நான் கையெழுத்துப் போடப் போறதில்லை, மணியம். முதலாளிகிட்ட நானே பேசிக்கிறேன்" என்றார். மணியம் அண்ணன் காலிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு சமையல் கட்டுக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. உள்ளே யார் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். அப்பளம் சரியில்லையாம்.

முதலாளியிடம் சார் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. கதவு சாத்தியிருந்தது. கட்டைக் குரல் மட்டும் கேட்டது. வெளியே வந்து, "சரி, இனிமே இது நடக்காம இருக்க என்ன வழி?" என்றார்.

வழி எளிது. சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும், "நான் கடைசியாகச் சொன்ன எண் இது" என்று தலைமை அலுவலகம் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதைப் பார்த்துக் கிளை இயந்திரம் தன்னிடம் இருப்பதைச் சரிபார்த்துக்கொள்ளும். குறைந்தால் கேட்கும். அந்தக் குரலே கொஞ்ச நேரம் வராவிட்டால் லைன் செத்துவிட்டது என்று மணியடிக்கும். கடைசி எண்ணைப் பார்க்காமல் எந்தக் கிளையையும் பூட்டக் கூடாது. செல்வின் இரண்டு நாளில் எழுதிவிட்டான். நான் அதை உடைக்க முடிந்த வழியில் எல்லாம் உடைத்துப் பார்த்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதற்கெல்லாம் அழகான பெயர்கள் வைத்திருக்கிறார்கள். ரெஜினா சொன்னாள். எனக்கு வாயில் நுழையவில்லை.

மழைக்காலம் வந்தது. ஒரு சனிக்கிழமை சிராங்கூன் ரோடே தண்ணீரில் மிதந்தது. மதியம், பூட்டுகிற நேரம், மீன் ஏற்ற வேண்டிய விமானம் அன்று போகாது என்று தகவல் வந்தது. கடைசிச் செய்தியாக அனுப்பினேன். லைனில் இரைச்சல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். குடையைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி அறை வாசலில் சார் நின்றார். போகவில்லை. திரையில் ஒன்றும் வரவில்லை. முன்பெல்லாம் அந்த நேரத்தில் நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன்.

பிறகு இயந்திரம் தன்பாட்டுக்குக் கடைசி எண்ணைச் சொல்லியது. சொல்லி முடித்த சற்று நேரத்தில் ஜாலான் காயு வாய் திறந்தது. அந்த எண் எனக்கு வேண்டும் என்றது. மறுபடி அனுப்பினோம்.

கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. மணியம் அண்ணன். பின்னால் மழைச் சத்தம்.

"தங்கச்சி, பையெல்லாம் விரிச்சு வச்சாச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா போட ஆரம்பிச்சிருப்பேன். சார் இருக்காரா? அவர்கிட்ட குடு."

சார் ரிசீவரை வாங்கினார்.

"சார், ஒண்ணையும் பையில போடலை. எல்லாம் தண்ணிலதான் இருக்கு. கேளுங்க" என்று அந்தப் பக்கம் சொன்னது எனக்கும் கேட்டது. ரிசீவரைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோயிருக்க வேண்டும். பேச்சு நின்றது. காற்றுக் குழாயிலிருந்து தண்ணீரில் குமிழி கிளம்பும் சத்தம் மட்டும் வந்தது.

ஞானமுத்து சார் கண்களை மூடிக்கொண்டு, ஒரு கையால் டையைத் தடவியபடி, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் ரிசீவரைக் கீழே வைக்கவே இல்லை.